டாக்டர் சொன்ன ‘ரொம்பக் குறைவு’

பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டக் கற்பவரின் காலடியில் இருக்கும். இன்னொன்று பக்கத்து இருக்கையின் காலடியில், கற்றுக்கொடுப்பவருக்காக. அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் இருபது வருஷமாகக் கால் வைத்துக்கொண்டிருந்தவளை, அவளிடம் கற்றுக்கொண்ட எல்லாரும் பிரேக்கக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் என்பது அவளுக்கு எதிலுமே அதிகம் இருந்ததில்லை.

அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஒருமுறை ஒரு பல் டாக்டர் பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து, காரை ஒரு மெத்தைக் கடைக்குள் விட்டுவிட்டார். பிரேக்கக்கா மிதித்த மிதியில் கார் முதல் மெத்தையோடு நின்றது. கடைக்காரர் ஓடிவந்தார். பல் டாக்டர் அழ ஆரம்பித்தார். பிரேக்கக்கா, “இப்போ ரிவர்ஸ் போடுங்க. அதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாருங்க” என்றாள். பல் டாக்டர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று அவள் பின்னால் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லும்போதும் அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய கணவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவளும் கற்றுக்கொடுக்க முன்வந்ததில்லை. கட்டினவரிடம் பொறுமையாக இருப்பது தொழிலில் சேராது என்பது அவள் கொள்கை. இருவரும் ஒரு சலவைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். இஸ்திரிப் பெட்டியின் ஆவி படி வழியாக மேலே வந்து, அவர்கள் வீட்டு வாசலில் எப்போதும் புதுத்துணி வாசம் அடிக்கும்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அது ஒரு நீண்ட கதையாக இருந்திருக்கலாம். அவர்கள் வீட்டில் அதை மிகச் சுருக்கமாக வைத்திருந்தார்கள்.

கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து, அவளுக்கு இருபத்தெட்டு வயதில், இருவரும் ஒரு டாக்டரிடம் போனார்கள். பல சோதனைகள் நடந்தன. சின்ன வயதில் அவளுக்குக் குடல்வால் வெடித்து ஆபரேஷன் நடந்திருந்தது. அப்போது உள்ளே பரவிய சீழ் கருக்குழாய்கள் இரண்டையும் கெடுத்து வைத்திருக்கிறது என்று தெரியவந்தது. ஒரு குழாய் அடைத்திருக்கிறது, இன்னொன்றும் அவ்வளவு நன்றாக இல்லை, அதனால் இயற்கையாகக் கருத்தரிக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகும் அவர் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். பிரேக்கக்காவுக்கு அவர் வாய் அசைவது தெரிந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. டாக்டரின் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் கருப்பை இருந்தது. அதன் மேல் யாரோ பேனா மூடியை மாட்டி வைத்திருந்தார்கள். அவள் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘ரொம்பக் குறைவு’ என்ற சொல் அன்றைக்கு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தது. மாமியாரிடம் சொன்னபோது அது ‘கஷ்டம்’ ஆயிற்று. மாமியார் தன் மகளிடம் சொன்னபோது ‘முடியாது’ ஆயிற்று. அந்த மகள், அதாவது பிரேக்கக்காவின் நாத்தனார், தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் வேலையில் இருந்தவர். அவர் வாயிலிருந்து எதுவும் முத்திரை விழாமல் வெளியே வராது. அவர் சொல்லி, அக்கம்பக்கம் சுற்றி, பிரேக்கக்காவிடமே திரும்பி வந்தபோது அது ‘இல்லை’ என்று ஆகியிருந்தது. அவளும் அதையே எடுத்துக்கொண்டாள். குறைவு என்றால் தினமும் யோசிக்க வேண்டியிருக்கும். இல்லை என்றால் வேலையைப் பார்க்கலாம்.

வேலையைப் பார்த்தாள். கருத்தடை என்று எதுவும் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. இல்லாத ஊருக்கு எதற்குக் காவல்?

நாற்பத்துநாலாவது வயதில் அவளுக்கு மாதவிடாய் தள்ளிப்போனது. முன்பும் அவ்வப்போது சில நாட்கள் தள்ளிப்போனதுண்டு. இந்த முறை வரவே இல்லை. சாயங்காலமானால் மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. மார்பு கனத்து வலித்தது. காரில் தொங்கும் எலுமிச்சை வாசனை அட்டை, இத்தனை வருஷமாக அவள் கவனித்தே இராத ஒன்று, திடீரென்று அவள் எதிரியாகிவிட்டது. கழற்றி டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டாள். பெட்டிக்குள் இருந்தும் அது மணத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தவர், அவளைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். தனக்கும் நாற்பத்து மூன்றில் இப்படித்தான் ஆரம்பித்ததாகவும், அசதி, எரிச்சல், வாசனை பிடிக்காமல் போவது எல்லாமே அதன் அறிகுறிதான் என்றும் விளக்கினார்.

“உனக்கு நின்னு போச்சு. அவ்வளவுதான். நிம்மதின்னு நினைச்சுக்கோ” என்று முத்திரை குத்தினார்.

போகும்போது தன் கைவிசிறியையும் கொடுத்துவிட்டுப் போனார். உடம்பு திடீரென்று சூடேறும்போது தேவைப்படும் என்றார். பிரேக்கக்காவுக்கு உடம்பு சூடேறவே இல்லை. விசிறியை வைத்துக்கொண்டு சூட்டுக்காகக் காத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில் அவளிடம் ஒரு கணக்கு டீச்சர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மூன்று முறை லைசென்ஸ் தேர்வில் தோற்றவர். அவர் வண்டி ஓட்டினால் பின்னால் வரும் சைக்கிள்கள் மணி அடிக்கும். எந்தச் சந்திப்பிலும் எதிரே வண்டி வர வாய்ப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த வாய்ப்பு கண்ணுக்கெட்டிய தூரம் வரை தீரும்வரை நிற்பார். தேர்வு அதிகாரி ஒருமுறை அவர் காரில் தூங்கிவிட்டதாகச் சொல்வார்கள்.

ஒரு நாள் பாடத்தின் நடுவே பிரேக்கக்கா காரை ஓரம் கட்டச் சொன்னாள். இறங்கி, சாலையோரச் சாக்கடையில் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, “இண்டிகேட்டர் போட்டு எடுங்க” என்றாள். டீச்சர் வண்டியை எடுக்கவில்லை. கையைத் துடைக்கக் கைக்குட்டையை நீட்டிவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“நாள் தள்ளிப்போயிருக்கா?”

“நின்னு போச்சு டீச்சர். வயசாச்சு.”

“டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?”

“எனக்கு வாய்ப்பு இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

“இல்லைன்னு சொன்னாரா, குறைவுன்னு சொன்னாரா?”

பிரேக்கக்கா பதினாறு வருஷம் பின்னால் போய் யோசித்தாள். “ரொம்பக் குறைவுன்னாரு” என்றாள்.

“அது வேற, இது வேற” என்றார் டீச்சர்.

பிறகு அவர் விளக்கினார். குறைவான வாய்ப்பு ஒரு தடவைக்குத்தான் குறைவு. வருஷக்கணக்காக மாதாமாதம் அந்த ஒரு தடவை வந்துகொண்டே இருந்தால், எப்போதாவது ஒன்று விழுந்து தொலைக்கும். தன் வகுப்பில் இதைத்தான் பகடைக்காய் வைத்துச் சொல்லிக்கொடுப்பதாகவும் சொன்னார். பிரேக்கக்காவுக்கு இதில் பகடைக்காய் எங்கே வந்தது என்று தோன்றியது. ஆனாலும் டீச்சர் அடுத்த பாடத்திலும் கேட்டார். அதற்கடுத்த பாடத்திலும் கேட்டார். ஓட்டும்போது வேறு எதையும் யோசிக்காத மனுஷி, இதை மட்டும் கியர் மாற்றும்போதுகூடக் கேட்டார்.

அவர் வாயை அடைப்பதற்காகவே பிரேக்கக்கா மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் சோதனை அட்டையை உறையில் போட்டுக்கொண்டே, “பொண்ணுக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றாள் பிரேக்கக்கா. அது சுலபமாக இருந்தது.

மதியம் ஓட்டுநர் பள்ளியின் கழிப்பறையில் வைத்துச் செய்தாள். வெயிலில் நாலு பேருக்குப் பாடம் எடுத்துவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்திருந்தாள். அட்டையோடு வந்த தாளைப் படிக்கவில்லை. எழுத்து பொடியாக இருந்தது, வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு கோடு வந்தது. இரண்டாவது வரவில்லை. அட்டையைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டாள்.

கை கழுவும்போது மனசுக்குள் ஏதோ ஒன்று மெல்ல இறங்கி உட்கார்ந்தது. எதிர்பார்க்கவே இல்லையே, பிறகு ஏன் ஏமாற்றம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். வெளியே போய், ஒரு சமையல்காரருக்கு மேட்டில் வண்டி நிறுத்தி எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள்.

டீச்சரிடம் ஒரு கோடு என்று சொன்னாள். எப்போது செய்தீர்கள் என்று அவர் கேட்டார். மதியம் என்றாள். காலையில் எழுந்ததும் முதலில் போகும் சிறுநீரில் செய்தால்தான் தெளிவாகத் தெரியும், நிறையத் தண்ணீர் குடித்த பிறகு செய்தால் ஏமாற்றிவிடலாம், நாள் வராவிட்டால் ஒரு வாரத்தில் மறுபடி செய்ய வேண்டும் என்று தாளில் போட்டிருக்குமே என்றார் டீச்சர். பிரேக்கக்கா அவரைப் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னாள்.

சில நாட்களில் கொஞ்சம் ரத்தம் பட்டது. வழக்கம்போல இல்லை. கருப்பாக, திட்டுத் திட்டாக வந்து நின்றது, மறுநாளும் வந்தது. பிரேக்கக்கா இதை மாதவிடாய் என்று எடுத்துக்கொண்டாள். நாத்தனாரிடம் போனில் சொன்னபோது, போகிற போக்கில் அது அப்படித்தான் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் என்றார் அவர். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி இருந்தது. அது வாயு.

அந்த வாரம் ஒரு காலைப் பாடத்தின்போதுதான் எல்லாம் நடந்தது. டீச்சர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். பிரேக்கக்காவுக்குக் காலையிலிருந்தே தோளின் நுனியில் ஒரு வலி. சீட் பெல்ட் அழுத்துகிறது என்று பெல்ட்டைத் தளர்த்திப் பார்த்தாள். வயிற்று வலி திடீரென்று கத்தி இறக்கியது போல ஆயிற்று. நெற்றியில் வேர்த்தது. சாலையின் இரு ஓரங்களும் உள்பக்கமாக நெருங்கி வருவது போலிருந்தது. டீச்சரிடம் ஓரம் கட்டச் சொன்னாள். டீச்சர் ஓரம் கட்டிவிட்டு, ஒழுங்காகக் கைப்பிரேக் போட்டுவிட்டு, திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். முகம் சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

டீச்சர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வருவதற்கு அரை மணி நேரம் பிடிக்கும் என்றார்கள். ஆஸ்பத்திரி அதே சாலையில், ஒரு ரவுண்டானாவுக்கு அந்தப்பக்கம் இருந்தது. மேல்மாடி எழுத்துகள் அங்கிருந்தே தெரிந்தன. டீச்சர் ரோட்டில் கை காட்டிப் பார்த்தார். யாரும் நிறுத்தவில்லை. எல் போர்டு மாட்டிய காருக்கு யாரும் பக்கத்தில் வருவதில்லை.

“டீச்சர், நீங்களே ஓட்டுங்க” என்றாள் பிரேக்கக்கா.

“என்னால முடியாதும்மா. ரவுண்டானா இருக்கு.”

“இருக்கட்டும். முதல் கியர்.”

டீச்சர் உட்கார்ந்து முதல் கியரைப் போட்டார். பிரேக்கக்கா வலது காலைத் தூக்கித் தன் பிரேக்கின் மேல் வைக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. அதை அவள் டீச்சரிடம் சொல்லவில்லை. அந்தக் காரில் அன்றைக்கு ஒரு பிரேக்தான் இருந்தது.

ரவுண்டானாவில் டீச்சர் நிற்காமல் நுழைந்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவை. நுழைந்தவருக்கு வெளியே வரும் வழி தெரியவில்லை. ஒரு முழுச் சுற்று சுற்றினார். கண்ணை மூடியபடியே பிரேக்கக்கா, “இண்டிகேட்டர்” என்றாள். இரண்டாவது சுற்றில் டீச்சர் இண்டிகேட்டர் போட்டு வெளியே வந்தார். வழியில் ஒரு பால் வண்டி அவருக்காக நின்றது. அவர் அதற்குக் கை காட்டி நன்றி சொல்ல மறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்ஸ் மட்டும் நிற்க வேண்டிய இடத்தில், குறுக்காகக் கொண்டுபோய் நிறுத்தினார். காவலாளி கத்திக்கொண்டே வந்து, உள்ளே பார்த்துவிட்டு, சக்கர நாற்காலிக்காக ஓடினார்.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கேள்விகள் கேட்டார். கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று கேட்டார். இந்த வாரம்தான் என்றாள் பிரேக்கக்கா. அது வழக்கம்போல இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றாள்.

“கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா?”

“இல்ல” என்றாள் பிரேக்கக்கா.

பக்கத்தில் கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி நின்ற டீச்சர், “இருக்கு” என்றார். “குறைவு. ஆனா இருக்கு.”

நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சோதனைக்கு எழுதினார்.

இரண்டு கோடு வந்தது. ஸ்கேன் செய்தபோது கருப்பை காலியாக இருந்தது. கரு குழாயில் தங்கியிருந்தது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் சேர்ந்துகொண்டிருந்தது. தோள் வலித்ததே, அதற்கும் அந்த ரத்தம்தான் காரணம் என்றார்கள். வயிற்றுக்குள் கசிகிற ரத்தம் மேலே போய் உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். உடனே ஆபரேஷன் என்றார்கள். பெண் டாக்டர் ஒருவர், வயதில் சின்னவர், விஷயத்தை அவள் காதருகே குனிந்து இரண்டே வாக்கியத்தில் சொன்னார். பிரேக்கக்கா தலையாட்டினாள். அவளுக்குப் புரிந்தது முதல் வாக்கியம் மட்டும்தான். நான் கர்ப்பமாக இருந்திருக்கிறேன் என்பது.

கணவர் கடையிலிருந்து ஏப்ரனோடு வந்து சேர்ந்தார். முன்கையெல்லாம் லென்ஸ் தேய்த்த வெள்ளைப் பொடி. டீச்சர் அவருக்கு விஷயத்தைச் சொன்னார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு ஆபரேஷன் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. நாத்தனார் ஃபிளாஸ்க்கில் சூப்போடு வந்தார். இந்த வயதில் இப்படி நடக்காது, ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு யாருடைய சோதனையையோ பார்த்துவிட்டார்கள் என்று அவர் அபிப்பிராயப்பட்டார். யாரும் பதில் சொல்லாததால் சூப்பை டீச்சருக்கு ஊற்றிக் கொடுத்தார்.

பிரேக்கக்கா பிழைத்தாள். யாரோ கொடுத்த இரண்டு பை ரத்தம் அவளுக்குள் போயிற்று. கெட்டுப்போன குழாயை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று வீட்டிலேயே இருந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். பிரேக்கக்கா வீட்டில் இருந்தால் பொறுத்துத்தான் பார்த்திருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் காலை டாக்டர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கணவரும் இருந்தார். பிரேக்கக்கா முதலில் கேட்ட கேள்வி இதுதான்:

“அது குழந்தையா டாக்டர்?”

“கரு. ஆனா வளர முடியாத இடத்துல தங்கிடுச்சு. நீங்க என்ன செஞ்சிருந்தாலும் அதைக் காப்பாத்தியிருக்க முடியாது. உங்களால ஆனது எதுவும் இல்ல.”

பிரேக்கக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். தான் எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று கேட்டாள். மாணவி தேர்வில் தோற்றுவிட்டு எங்கே தப்பு என்று கேட்பது போலக் கேட்டாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்த வயதில் நாள் தள்ளிப்போனால் மாதவிடாய் நிற்கத் தொடங்கியதாகவும் இருக்கலாம், கர்ப்பமாகவும் இருக்கலாம். அசதியும் குமட்டலும் எதனால் என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது, சோதித்தால்தான் தெரியும். வீட்டில் செய்து ஒரு கோடு வந்தாலும், நாள் வராமலே இருந்தால் ஒரு வாரத்தில் மறுபடி செய்ய வேண்டும். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் டாக்டரிடம் வந்துவிட வேண்டும். ஒரு பக்கமாக வயிற்று வலி, வழக்கத்துக்கு மாறான ரத்தம், தோள் நுனியில் வலி, தலைசுற்றல், இவற்றில் எது வந்தாலும் கோடு ஒன்றா இரண்டா என்று பார்க்கக்கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

“அதுவும் குழாய் ஏற்கெனவே கெட்டிருக்கிறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். கர்ப்பம்னு சந்தேகம் வந்தாலே சீக்கிரம் வந்து ஸ்கேன் பண்ணிக்கணும். முன்னாடி பார்த்த டாக்டர் இதைச் சொல்லலையா?”

சொல்லவில்லை என்றாள் பிரேக்கக்கா.

“சொன்னாரு” என்றார் கணவர்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஏப்ரனை மடித்து மடியில் வைத்திருந்தார். அதன் நாடாவைப் பார்த்துக்கொண்டே பேசினார். அன்றைக்கு அந்த டாக்டர், வாய்ப்பு ரொம்பக் குறைவு என்று சொன்னபிறகு, எப்போதாவது கருத்தரித்தால் அது குழாயில் தங்கிவிட வாய்ப்பு அதிகம், அதனால் நாள் தள்ளிப்போனதும் தாமதிக்காமல் வர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். இவர் காதில் அது விழுந்திருக்கிறது. பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். அப்போது சொல்ல மனம் வரவில்லை. இன்னொரு நாள் சொல்லலாம் என்று நினைத்தார். அந்தப் பேச்சை எடுத்தால் அவள் வருத்தப்படுவாள் என்று அடுத்த வருஷமும் சொல்லவில்லை. பிறகு அவள் வருத்தப்படுவதை நிறுத்திவிட்டது போலிருந்தது. நிறுத்தியவளை எதற்கு மறுபடி கிளறுவது என்று விட்டுவிட்டார். நாளாக ஆக, தன் அக்கா சொன்ன ‘முடியாது’தான் அவருக்கும் நிஜமாகிவிட்டது.

“உன்னை நோகடிக்கக் கூடாதுன்னுதான்” என்றார்.

பிரேக்கக்கா அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது. ஆனால் தையல் போட்ட வயிற்றோடு கோபப்படுவது கஷ்டமாக இருந்தது.

“இனிமே நோகடிச்சிடுங்க” என்றாள். “செத்துப்போறதுக்கு அது பரவாயில்ல.”

டாக்டர் குறிப்பேட்டில் எழுத எதுவும் இல்லாமல் பேனாவை மூடினார்.

வீட்டுக்கு வந்தபின் பல வாரங்கள் அவள் வண்டி ஓட்டவில்லை. படுக்கையிலிருந்து எழுந்து ஜன்னலுக்குப் போவாள், ஜன்னலிலிருந்து படுக்கைக்கு வருவாள். தான் கர்ப்பமாக இருந்த நாட்களில் என்னென்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். சமையல்காரருக்கு மேட்டில் கற்றுக்கொடுத்தது, டயர் மாற்றியது, நாத்தனார் கொடுத்த விசிறியைத் தேடியது. தெரிந்திருந்தால் அந்த நாட்களைக் கொஞ்சம் வேறு மாதிரி வாழ்ந்திருப்பாள். எப்படி என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. ஒரு மதியம், சலவைக் கடை ஆவி படியேறி வந்துகொண்டிருந்தபோது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். சத்தம் போடவில்லை. கீழே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் அன்றைக்கு ரேடியோவை ஏனோ அணைத்துவிட்டார்.

நாத்தனார் வாரம் ஒருமுறை வந்தார். கைவிசிறி விஷயத்தில் தான் சொன்னது தப்பு என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தபால் நிலையத்தில் தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனபோது, வயசாச்சு என்று அவள் சொன்னதைக் கேட்காமல், கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தைராய்டு என்று தெரிந்ததாம். இதைச் சொல்லிவிட்டு நாத்தனார், இனிமேல் யாருக்கு நாள் தள்ளிப்போனாலும் தன்னிடம் அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் இன்னொரு விஷயம் பேச வேண்டும் என்றார். மிச்சமிருப்பது அடைத்த குழாய். இயற்கையாகக் கருத்தரிக்க வாய்ப்பு இப்போது முன்னைவிடக் குறைவு.

“இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்றாள் பிரேக்கக்கா.

“சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டர். அப்படி நடந்தால் மறுபடி குழாயிலேயே தங்கும் ஆபத்து இருக்கிறது. குழந்தை வேண்டும் என்றால் ஆய்வகத்தில் கருவை உருவாக்கிக் கருப்பைக்குள் வைக்கும் வழி ஒன்று உண்டு, இந்த வயதில் அது பலிப்பதும் குறைவுதான், அதைப் பற்றி விளக்கமாகப் பேசலாம். வேண்டாம் என்றால் கருத்தடை. ஐம்பதுக்குள் மாதவிடாய் நின்றால், கடைசியாக வந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் வரைக்கும் அதை விடக்கூடாது. இருவரும் பேசி முடிவு சொல்லுங்கள், அவசரமில்லை என்றார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. இந்த விஷயத்தை அவர்கள் பேசிப் பதினாறு வருஷமாகியிருந்தது. எங்கே விட்டோம் என்று இருவருக்குமே தெரியவில்லை.

“உனக்கு வேணுமா?” என்று கேட்டார் அவர்.

“அப்போ ரொம்ப வேணும்னு இருந்துச்சு. இப்போ வேணுமான்னு கேட்டா, அப்போ வேணும்னு இருந்ததுதான் ஞாபகம் வருது. உங்களுக்கு?”

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருந்தப்போ, குழந்தையைப் பத்தி ஒரு தடவைகூட நினைக்கல” என்றார். “உன்னை மட்டும்தான் நினைச்சேன். அது தப்பான்னு தெரியல.”

தப்பில்லை என்றாள் அவள். இருவரும் எதிரே போய், கருத்தடை என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஆனால் எடுத்த பேச்சு அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தும் தொடர்ந்தது. டாக்டரைப் பார்த்த அந்த முதல் வருஷம் தன் அக்காவிடம் இவளுக்காகச் சண்டை போட்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்ததை அவர் சொன்னார். அவளுக்கு அது தெரியாது. நாத்தனாருக்கு அப்போது தொண்டை கட்டியிருந்தது என்றே நம்பியிருந்தாள்.

அவளும் ஒன்று சொன்னாள். அதே வருஷம், ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது, யாரோ ஒருத்தி தள்ளுவண்டியில் ஒரு குழந்தையைக் கொண்டுபோனாள். அதன் கால் ஒன்று போர்வைக்கு வெளியே தெரிந்தது. பிரேக்கக்கா அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்திருக்கிறாள். எத்தனை தெரு என்று தெரியாது. அந்தப் பெண் ஒரு பாத்திரக் கடைக்குள் போனாள். இவளும் உள்ளே போய்விட்டாள். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் சொல்லத் தோன்றாமல், கைக்குப் பட்ட ஒரு வாளியைக் காட்டி, வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“எந்த வாளி?” என்று கேட்டார் அவர்.

“குளியலறையில இருக்கே, நீலம்.”

அவர் எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

“நல்ல வாளிதான்” என்றார்.

“ஆமா. கைப்பிடிகூட இன்னும் போகல” என்றாள் அவள்.